கஷாயம் எதுவரை, கஞ்சி எதுவரை? வீட்டு வைத்தியம் உடம்பில் செய்யும் வேலை

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில், இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். பெரும்பாலானவர்கள் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாக அது தேவையில்லை என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் அப்போது அறிவுறுத்தியது.

இதைப் படித்த பெற்றோருக்கு, இனி சிரப்பே வேண்டாம், பாட்டி வைத்தியம் போதும் என்று தோன்றுவது இயல்பு. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இயற்கையா ரசாயனமா என்று பார்த்து முடிவெடுத்தால் வேறொரு இடத்தில் மாட்டிக்கொள்வோம். பார்க்க வேண்டியது நோயின் தன்மையை. சில நோய்கள் தானாகவே ஆறும். சில, உடம்பிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறியதால் அல்லது குறைந்ததால் வருபவை. இன்னும் சில, கிருமியையோ அடைப்பையோ மருத்துவர் கைவைத்துத் தீர்க்க வேண்டியவை. முதல் வகையில் வீட்டு வைத்தியம் துணைக்கு நிற்கும். இரண்டாம் வகையில் சில சமயம் அதுவே உண்மையான மருந்து. மூன்றாம் வகையில் அது நேரத்தைத் தின்றுவிடும். ஒரே கஷாயம் ஒரு வீட்டில் பலித்து இன்னொரு வீட்டில் கைவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

சளியும் இருமலும்

சாதாரண சளியை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேல். சின்னக் குழந்தைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சகஜம். ஒவ்வொரு முறையும் ஏழு, பத்து நாளில் அதுவே போய்விடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். அந்த நாட்களில் நாம் செய்யக்கூடியது தொண்டை எரிச்சலைத் தணிப்பது, தூங்க வைப்பது, நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வது. மிளகு ரசமும் சுக்குக் காபியும் இந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. சூடான திரவம் மூக்கடைப்பை இளக்கும். காரம் மூக்கில் நீர் வரவைக்கும்.

தேனுக்கு மட்டும் தனி மரியாதை உண்டு. தூங்கப்போகும் முன் அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன் தேன் கொடுத்தால் குழந்தைகளின் இரவு இருமல் குறைகிறது என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, சாதாரண இருமலுக்கு ஆன்டிபயாடிக் எழுதுவதற்கு முன் தேனை முயலலாம் என்று 2018-ல் சொன்னது.

ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது நாக்கில் தொட்டு வைக்கும் துளியும் இதில் சேர்த்தி. தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அவற்றை முளைக்க விடாது. கைக்குழந்தையின் குடலுக்கு அந்தப் பக்குவம் வந்திருக்காது. வித்து முளைத்து, நச்சைச் சுரந்து, தசைகளைத் தளரவைத்துவிடும். பாலை உறிஞ்ச முடியாமல் ஆரம்பித்து மூச்சுத்திணறல் வரை போகும். வீட்டு அடுப்பில் காய்ச்சினால் அந்த வித்துகள் சாவதில்லை.

கற்பூரமும் அப்படித்தான். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று. கற்பூரம் வாய்வழியாகச் சிறிதளவு போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். தேய்த்ததாலும் முகர்ந்ததாலும் கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆவி பிடிப்பதைப் பெரியவர்கள் கவனமாகச் செய்துகொள்ளட்டும், குழந்தைக்கு வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வரும் பிள்ளைகளை எல்லாத் தீக்காயப் பிரிவிலும் பார்த்திருப்பார்கள். உரைகல்லில் ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு இழைத்துக் கொடுக்கும் உரை மருந்தும் கேள்விக்குரியதே. வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று அழைத்த தாய்மார்களின் அக்கறையில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. ஆனால் ஜாதிக்காய் கொஞ்சம் கூடினாலே மயக்கம் தரும். கல்லில் எத்தனை சுற்று இழைத்தோம் என்பதை வைத்து, நான்கு கிலோ எடையுள்ள உடம்புக்கு மருந்தளவு கணக்கிட முடியாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அப்படியே பின்பற்றலாம்.

சளி எப்போது நிமோனியாவாக மாறுகிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது மேல், ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஐந்து வயது வரை 40 அல்லது மேல் என்றால் அது வேக மூச்சு, நிமோனியாவின் அறிகுறி. மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும் அப்படித்தான். அப்போது கஷாயத்தை இறக்கி வைத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும்.

கீழாநெல்லியின் கதை

தானாக ஆறும் நோய்க்கு நாம் கொடுக்கும் மருந்துக்கு எப்படிப் பெயர் கிடைக்கிறது என்பதற்குக் கீழாநெல்லியைப் போல நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பது, உப்பில்லாப் பத்தியம் இருப்பது நம் ஊர் வழக்கம். இதை ஏதோ மூடநம்பிக்கை என்று மருத்துவ உலகம் ஒதுக்கிவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெப்படைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற பரூக் பிளம்பர்க் ஆகியோர் சேர்ந்து எழுதிய ஆய்வு 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஹெப்படைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லித் தூள் கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெறும் தூள் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

சரி, அப்படியானால் ஊரில் இத்தனை பேருக்குக் குணமானது எப்படி? நம் ஊரில் பரவலாக வரும் காமாலை, அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வரும் ஹெப்படைடிஸ் ஏ, ஈ வகைகள். இவை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தாமாகவே சரியாகிவிடும். மூலிகை குடித்தவரும் தேறுவார், குடிக்காதவரும் தேறுவார். ஆபத்து மீதமுள்ள சிலருக்குத்தான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஹெப்படைடிஸ் ஈ வந்தால் உயிர்போகும் அபாயம் மிக அதிகம். பித்தப்பைக் கல் குழாயை அடைத்து வரும் காமாலையை எந்த இலையும் கரைக்காது. காமாலைக்காரர் உளறினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ கல்லீரல் கைவிடுகிறது என்று பொருள். ஆகவே எந்தக் காமாலை என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொண்ட பிறகு மற்றதைப் பேசலாம். பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அடிபட்ட கல்லீரலுக்குச் சாப்பாடு வேண்டும்.

கஞ்சி ஜெயித்த இடம்

வயிற்றுப்போக்கில் நிலைமை வேறு. இங்கே உடம்பு தண்ணீரையும் உப்பையும் இழக்கிறது. இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதே வைத்தியம். குழந்தை சாவது பெரும்பாலும் கிருமியால் நேரடியாக இல்லை; வறண்டு போவதால்தான்.

1971-ல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். பன்காவ்ன் என்ற எல்லையோர ஊரில் காலரா பரவியது. மருத்துவமனையில் கட்டில் இல்லை. நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் பாட்டில்களும் தீர்ந்துகொண்டிருந்தன. அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து, பெரிய டிரம்களில் நிரப்பிவைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குவளையில் பிடித்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். அந்த முகாமில் முப்பது சதவீத அளவில் இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978-ல் லான்செட் எழுதியது. மகலனாபிஸ் 2022-ல் காலமானார். பத்ம விபூஷண் அடுத்த ஆண்டு, அவர் இல்லாதபோது வந்தது.

இதன் சூட்சுமம் சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. அங்கே உப்பையும் சர்க்கரையையும் ஜோடியாகத்தான் உள்ளே விடும் ஒரு வாசல் உண்டு. காலரா நச்சு குடலைத் தாக்கினாலும் இந்த வாசல் மூடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் சேர்ந்து போகும்போது தண்ணீரும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. வெறும் தண்ணீர் குடித்தால் இது நடக்காது. அரிசிக் கஞ்சியில் மாவுச்சத்து குடலில் மெதுவாக உடைந்து சர்க்கரையாகிறது. அதில் உப்புப் போட்டால் அதே வாசல் திறக்கும். அரிசியை வைத்துத் தயாரித்த உப்புக் கரைசலைக் காலரா நோயாளிகளிடம் சோதித்தபோது நன்றாகவே வேலை செய்தது. வயிறு போகும்போது உப்புக்கஞ்சி கொடுத்த நம் வீட்டு வழக்கம், இந்த வாசலைப் பற்றி யாருக்கும் தெரிவதற்கு முன்பே அதைத் தொட்டிருக்கிறது. எனக்கு இதில் பெருமைதான்.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இலவசமாகக் கிடைக்கிறது. அதுதான் முதல் தேர்வு. அது கைக்கு வரும்வரை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிட்டால் ஆபத்து, சர்க்கரை கூடினால் போக்கு அதிகமாகும். கண்ணளவில் போட வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. கூடுதலாகக் கொடுக்கலாம், அதை மட்டும் நம்ப முடியாது. சோடா, டப்பா ஜூஸ், வெறும் குளுக்கோஸ் பவுடர் மூன்றும் சர்க்கரை மிகுதியால் போக்கைக் கூட்டும். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொண்டு இனிப்புப் பானங்கள் மருந்துக்கடையிலேயே விற்கப்பட்டதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை போட்டது. வாங்கும்போது பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று இருக்கிறதா பாருங்கள்.

கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். போக்கு நின்ற பிறகும் முடிக்க வேண்டும். அடுத்த சில மாதங்களில் மறுபடி வருவதை அது குறைக்கிறது. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. இட்லி, மோர்சாதம், மசித்த வாழைப்பழம் எல்லாம் போகும். மலத்தில் இரத்தம், கண் குழிவிழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, எதைக் கொடுத்தாலும் வாந்தி என்று வந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஊறவைக்காது

குறைவால் வரும் நோய்களில் நம் வீட்டுப் பெண்களை ஆண்டுக்கணக்கில் சோர்வில் வைத்திருப்பது இரத்தசோகை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, படிப்பில் கவனம் நிற்காதது, முடி கொட்டுவது எல்லாவற்றையும் உடல்வாகு என்று விட்டுவிடுகிறோம்.

இதற்கு வீட்டில் முதலில் வாங்கி வருவது பீட்ரூட்டும் மாதுளையும். இரண்டும் நல்ல உணவுகள். ஆனால் 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இரண்டிலும் இல்லை. பீட்ரூட்டின் சிவப்புக்கு பீட்டாலைன் என்ற நிறமி காரணம்; அதற்கும் இரத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு சுமார் 4.5 மில்லிகிராம் உண்டு. வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வரையறுத்திருக்கிறது. கீரை, தானியங்களில் உள்ள இரும்பில் சிறு பங்குதான் இரத்தத்தில் சேரும் என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் அவ்வளவு பெரிய எண்.

எனவே எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பது பெரிய வித்தியாசத்தைச் செய்யும். வைட்டமின் சி கூட இருந்தால் தாவர இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சை ரசம், கம்பஞ்சோற்றோடு நெல்லிக்காய், சாப்பிட்டு முடித்ததும் ஒரு கொய்யா என்று போகலாம். டீயும் காபியும் நேர் எதிர். அவற்றிலுள்ள டானின் போன்ற பொருள்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிபன் சாப்பிட்ட கையோடு டம்ளரைத் தூக்கும் பழக்கம்தான் பல வீடுகளில் கீரையை வீணாக்குகிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைப்பதும் வீண் போகாத வேலை. புளிப்பு சட்டியிலிருந்து இரும்பைக் குழம்புக்கு இறக்குகிறது. எத்தியோப்பியாவில் இரும்புப் பாத்திரத்தில் சமைத்த உணவை உண்ட குழந்தைகளின் ஹீமோகுளோபின் அளவு கூடியதை 1999-ல் ஓர் ஆய்வு காட்டியது. நான்ஸ்டிக் வந்ததும் நம் வீட்டு இரும்புச் சட்டிகள் பரணுக்குப் போய்விட்டன. இறக்கிக் கழுவி எடுங்கள்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு எளிதான வழி ஒன்று உண்டு. கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டால் மண்ணீரல் தருவார்கள். செம்மறியின் மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவில் இரும்பு இருக்கிறது. அதுவும் உடம்பு சுலபமாக ஏற்கும் வகை. பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி வாங்கி வரச் சொன்ன மாமியார்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். ஈரலும் நல்லதே, ஆனால் கர்ப்பமான முதல் மாதங்களில் வேண்டாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

இவ்வளவும் அளவு குறையாமல் காக்கத்தான். ஹீமோகுளோபின் ஏற்கனவே இறங்கிவிட்டவருக்கு உணவால் மட்டும் ஏற்றுவது மிக மெதுவான வேலை, மாத்திரை வேண்டும். அரசு தரும் இரும்புச் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது இயல்பு, ஆபத்தில்லை. மாதவிடாயில் அளவுக்கு மீறிப் போவது, குடல்புழு, மூலம் போன்ற கசிவுகளையும் தேடிப் பார்க்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் எவ்வளவு ஊற்றியும் பயனில்லை.

சர்க்கரையும் கேழ்வரகும்

டாக்டர் மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றது அது. அதனால் சிறுதானியத்துக்கு இப்போது மவுசு. கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசி கிட்டவே வராது. எலும்புக்கும் வளரும் பிள்ளைக்கும் இதைவிட மலிவான உணவு கிடைப்பது கடினம். ஆனால் நைசாக அரைத்த மாவில் நீர்க்கக் காய்ச்சிய கூழ், சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். தானியம் எவ்வளவு முழுசாக இருக்கிறதோ, மென்று தின்ன எவ்வளவு நேரம் ஆகிறதோ, அவ்வளவு மெதுவாக ஏறும். ஆகவே கூழுக்குப் பதில் களி அல்லது அடை, அளவு குறைவாக, பக்கத்தில் காயும் பருப்பும் அதிகமாக.

ஊறவைத்த வெந்தயம் சர்க்கரையை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளலாம், மாத்திரைக்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது. மாத்திரையோடு தினம் ஒரு டம்ளர் பாகற்காய் ஜூஸும் குடித்தால் சிலருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி வியர்த்துக் கொட்டும், மயக்கம் வரும். இதே மாதிரி, இருமல் கஷாயத்தில் போடும் அதிமதுரம் தொடர்ந்து குடித்தால் இரத்த அழுத்தத்தைக் கூட்டி பொட்டாசியத்தைக் குறைக்கும். இதய வால்வு மாற்றியபின், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர், திடீரென்று தினமும் கீரை என்று ஆரம்பித்தால் மருந்தின் வேலை குறையும். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியமே இதயத் துடிப்பைக் குலைக்கலாம். மருத்துவர்கள் இதையெல்லாம் பெரும்பாலும் கேட்பதில்லை, திட்டுவார்களோ என்று நாமும் சொல்வதில்லை. அடுத்த முறை போகும்போது மாத்திரைச் சீட்டோடு, வீட்டில் தினமும் குடிக்கும் பொடி, ஜூஸ், கஷாயம் என்னென்ன என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.